தொடையில் கன்றல், கையில் முறைப்பாடு

கேள்வி: மல்லாவியில் தாய் வீட்டில் இருக்கிறேன். விவாகரத்து வழக்கு நடக்கிறது. கணவர் குடிப்பார், என் நகைகளை அடகு வைத்துவிட்டார், மாமியார் ஊரெல்லாம் பழி சொல்கிறார். தகப்பனிடம் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்த என் ஆறு வயது மகனின் தொடையில் கன்றல். சிறுவர் துஷ்பிரயோகம் என்று முறைப்பாடு கொடுத்தால் பிள்ளை என்னிடமே நிற்பான் என்கிறார் அண்ணி. கொடுக்கலாமா?

பதில்: நகையும் மாமியாரும் இந்தக் கேள்விக்கு வேண்டாம். கன்றல் எப்படி வந்தது என்று மகன் தானாகவே என்ன சொன்னான்? அண்ணி சொன்னதை எழுதிய நீங்கள் அதை எழுதவில்லை.

எதுவானாலும் இன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; கன்றல் சில நாளில் மறைந்துவிடும். "அப்பா அடித்தவர்" என்று அவன் சொல்லியிருந்தால் வழக்குத் தவணை வரை காத்திராமல் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கோ பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ அறிவியுங்கள்.

அவன் சொல்லவில்லை என்றால் கேட்டுக் கேட்டு வரவழைக்காதீர்கள். வழக்காடும் பெற்றோர் விழும் குழி இதுதான். "அப்பா பெல்ட்டால்தானே அடித்தவர்?" என்று கேட்டு, பிள்ளை தலையாட்டுவதைத் தொலைபேசியில் பதிந்துகொண்டு வருவார்கள். பிறகு பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர் என்று ஒவ்வொருவராகக் கேட்கும்போது, பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அது போதும். அடி உண்மையாகவே விழுந்திருந்தாலும் அதன் பின் நிரூபிப்பது கடினம். அந்தக் கொடுமையைப் பிள்ளைக்குச் செய்யாதீர்கள்.

முறைப்பாடு, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற கட்டுக்காவல் வழக்குக்குத் துணை மனு அல்ல. தனிக் குற்ற வழக்கு. சிறுவரைக் கொடுமைப்படுத்தினால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. கணவர் இறங்கி வந்ததும் மீளப்பெறலாம் என்று நினைக்காதீர்கள். வழக்கு அரசின் கைக்குப் போய்விடும். விசாரணை முடியும்வரை பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடும்படியும் நீதவான் கட்டளையிடலாம். அப்போது அவன் உங்களிடமும் இல்லை. பொய் என்று தெரிந்தே கொடுத்தால், பொய்த் தகவல் கொடுப்பதைக் குற்றமாக்கும் அதே சட்டக்கோவையின் 180ஆம் பிரிவு உங்கள் மீது திரும்பும்.

அடி என்று நம்பக் காரணம் இல்லையென்றால் இணங்கிப் போங்கள். பிள்ளை உங்களுடன் வசிக்கட்டும். தகப்பன் பகலில், குடிக்காமல், இருவரும் நம்பும் ஒரு பெரியவர் முன்னிலையில் பார்க்கட்டும். அந்த இணக்கத்தை வாய்ப்பேச்சோடு விடாமல் மாவட்ட நீதிமன்றக் கட்டளையாகப் பதிவித்துக்கொள்ளுங்கள். அடி உண்மையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.