சிடி21 சாயம் ஏன் மங்குகிறது?

கேள்வி: பாரஃபினில் (மெழுகில்) பதித்த மனித டான்சிலில் (தொண்டைச் சதையில்), சிடி21 என்ற செல்-மேற்பரப்புப் புரதத்தைப் பழுப்பாகக் காட்ட அதன் ஆன்டிபாடி போட்டோம். பிஎச் 6 சிட்ரேட் பஃபரில் சூடாக்கினோம். ஃபாலிக்கிள் (பி செல்கள் திரண்ட உருண்டை) நடுவில் மங்கலான பழுப்பு மட்டுமே வருகிறது. ஆன்டிபாடிச் செறிவை 1:50 நீர்ப்பிலிருந்து 1:20-க்குக் கூட்டியதில் பின்னணிதான் அழுக்கானது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?
– ஆய்வு மாணவி

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. முதலில் குப்பியில் இருக்கும் குளோன் (ஆன்டிபாடியைத் தரும் செல் வம்சம்) பெயரைப் பாருங்கள். சிடி21 என்பது காம்ப்ளிமென்ட் (ரத்தத்திலுள்ள நோயெதிர்ப்புப் புரதத் தொகுதி) ஏற்பி 2. சி3டி என்ற காம்ப்ளிமென்ட் துண்டு ஒட்டிய ஆன்டிஜெனைப் பிடிக்கும் இந்தப் புரதத்தை ஒவ்வொரு குளோனும் வெவ்வேறு இடத்தில் பற்றுகிறது. ஃபார்மலின் புரதங்களுக்கு இடையே போடும் முடிச்சுகளை எப்படி அவிழ்த்தால் அந்த இடம் வெளியே தெரியும் என்பதும் குளோனுக்குக் குளோன் மாறும். 1எஃப்8 குளோனுக்குப் புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் என்சைம் செரிமானம் வேண்டும். 2ஜி9, ஈபி3093 ஆகியவற்றுக்கு வெப்ப முறை பொருந்தும்; அதிலும் காரத்தன்மையுள்ள பஃபரில் தொடங்குவதே நல்லது.

வெப்ப முறைக்கு 10 மில்லிமோலார் டிரிஸ், 1 மில்லிமோலார் இடிடிஏ, 0.05 சதவீத ட்வீன் 20 கலந்து பிஎச் 9.0-க்குச் சரிசெய்யுங்கள். பஃபர் 95–98 டிகிரியைத் தொட்ட பிறகே ஸ்லைடுகளை இறக்கி 20 நிமிடம் வையுங்கள். பிறகு அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் திசு உரிந்துவிடும். 1எஃப்8 என்றால் செரிமான நேரத்தை 3, 5, 8, 12 நிமிடம் என்று நான்கு ஸ்லைடுகளில் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். நேரம் குறைந்தால் சாயம் வராது. கூடினால் உட்கருக்கள் அரித்ததுபோல் ஆகி, செல் விளிம்புகள் கரைந்து தெரியும்.

மற்ற படிகள் வழக்கமானவைதான். 4 மைக்ரான் வெட்டு, சார்ஜ் ஏற்றிய ஸ்லைடு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். பாரஃபினை நீக்கி ஆன்டிஜெனை மேற்சொன்ன வெப்பத்தாலோ செரிமானத்தாலோ மீட்ட பின் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம், முதல் ஆன்டிபாடியில் அறை வெப்பத்தில் 60 நிமிடம், பாலிமரில் (பெராக்சிடேஸ் என்சைம் இணைத்த இரண்டாம் ஆன்டிபாடி) 30 நிமிடம், டிஏபியில் (பழுப்பு நிறம் தரும் பொருள்) 5 நிமிடம். உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலினை 30 விநாடியோடு நிறுத்துங்கள். நீலம் அடர்ந்தால் மெல்லிய சவ்வுச் சாயம் அதற்குள் மறைந்துவிடும். மீட்பு முறையை உறுதிசெய்த பிறகே 1:50, 1:100, 1:200, 1:400 என்று நீர்ப்பைச் சோதியுங்கள். இடம் மூடிக்கிடக்கும்போது ஆன்டிபாடியைக் கூட்டினால், அது கண்ட இடத்தில் ஒட்டிப் பின்னணியாகத்தான் வரும்.

எது சரியான சாயம் என்பதை நாங்கள் இப்படித்தான் முடிவு செய்வோம். ஜெர்மினல் சென்டரில் (ஃபாலிக்கிளின் நடுப்பகுதியில்) ஃபாலிக்குலர் டென்ட்ரிடிக் செல்களின் வலை அடர்பழுப்பாக, இழை இழையாகத் தெரிய வேண்டும். அது மட்டும் போதாது. சுற்றியுள்ள மேன்டில் பகுதி பி செல்களின் விளிம்பிலும் மெல்லிய பழுப்புக் கோடு இருக்க வேண்டும். வலையில் ஏற்பி ஏராளம் என்பதால் சுமாரான முறையிலும் அது தெரிந்துவிடும். மேன்டில் செல்களில் குறைவு. அங்கே கோடு விழுந்தால்தான் உங்கள் முறைக்குப் போதிய கூர்மை இருக்கிறது என்று நம்பலாம். லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) திசுவில் வலை சிதைந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்பதே கேள்வி. கூர்மை குறைந்த முறை முழு வலையையும் கிழிந்த வலையாகக் காட்டிவிடும். அதனால் மேன்டில் வெறுமையாக இருக்கும் டான்சில் ஸ்லைடைத் தேறியதாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: திசுவின் ஓரத்தில் நல்ல சாயம், நடுவில் மங்கல் என்றால் கோளாறு ஃபிக்ஸ் செய்ததில். துண்டு 3–4 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலின், திசுவின் கனஅளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு, சுமார் 24 மணி நேரம்.

கேள்வி: அதே ஆன்டிபாடியைச் சுண்டெலி மண்ணீரலில் பயன்படுத்தலாமா?
– முதுநிலை மாணவர்

பதில்: மனிதச் சிடி21-க்கு எதிராக உருவான குளோன் சுண்டெலியில் வேலை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். தவிர, சுண்டெலியில் கணக்கே வேறு. மனிதரில் ஏற்பி 1-க்கும் (சிடி35) 2-க்கும் (சிடி21) தனித்தனி மரபணு. சுண்டெலியில் சிஆர்2 என்ற ஒரே மரபணு, மாற்று ஸ்பிளைசிங் (ஆர்என்ஏ துண்டுகளை வேறுவிதமாக இணைத்தல்) வழியாக இரண்டையும் தருகிறது. 7ஜி6 குளோன் இரண்டையும் பற்றும். எனவே அந்த முடிவைச் "சிடி21/35" என்றுதான் எழுத வேண்டும். சிடி35 மட்டும் வேண்டுமென்றால் 8சி12.

உறைந்த திசுவில் 6–8 மைக்ரான் வெட்டி, நன்றாக உலரவிட்டு, மைனஸ் 20 டிகிரி அசிட்டோனில் 10 நிமிடம் வையுங்கள். மேற்சொன்ன இரண்டு குளோன்களும் ரேட் (பெரிய எலி) இனத்தில் உருவானவை. எனவே சுண்டெலிப் புரதத்தோடு ஒட்டாதபடி உறிஞ்சி நீக்கிய ரேட் எதிர்ப்பு இரண்டாம் ஆன்டிபாடி தேவை. இல்லாவிட்டால் திசுவில் இயல்பாக உள்ள இம்யூனோகுளோபுலின் எல்லாம் நிறமேறும். சிஆர்2 மரபணு நீக்கிய சுண்டெலியின் மண்ணீரல் கிடைத்தால் அதைவிட நல்ல எதிர்மறைக் கட்டுப்பாடு இல்லை.

கேள்வி: மனிதச் சிறுநீரகத்தில் சிடி35 போட்டால் குளோமருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு), ரத்தச் சிவப்பணு இரண்டும் பழுப்பாகின்றன. எதை நம்புவது?
– ஆய்வக டெக்னீஷியன்

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சிடி35 (ஏற்பி 1) போடோசைட்டுகளிலும் (குளோமருலஸின் வடிகட்டிச் செல்கள்) இருக்கிறது, மனிதச் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. ஆனால் ஹீமோகுளோபினே பெராக்சிடேஸ்போல் வேலை செய்து டிஏபியைப் பழுப்பாக்கும். ஆன்டிபாடி எதுவும் போடாமல் ஒரு ஸ்லைடில் டிஏபி மட்டும் ஊற்றிப் பாருங்கள். அப்போதும் சிவப்பணு பழுத்தால் பெராக்சைடு படி போதவில்லை. குழாய்ச் செல்களில் பழுப்பு வந்தால் திசுவிலேயே உள்ள பயோட்டின் என்ற வைட்டமினைச் சந்தேகியுங்கள். சிறுநீரகத்தில் அது நிறைய உண்டு. பயோட்டினைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் முறையை விட்டுப் பாலிமருக்கு மாறினால் அது தீரும்.

கேள்வி: ஐசோடைப் கட்டுப்பாட்டையும் (இலக்கைப் பற்றாத, அதே வகை ஆன்டிபாடி) 1:100 என்று நீர்த்தால் சரிதானே?
– ஆய்வு மாணவர்

பதில்: சரியல்ல. செறிவுதான் ஒன்றாக இருக்க வேண்டும், நீர்ப்பு அல்ல. உங்கள் ஆன்டிபாடி மில்லிக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 1:100-இல் மில்லிக்கு 2 மைக்ரோகிராம். ஐசோடைப் குப்பி மில்லிக்கு 1 மில்லிகிராமாக இருந்தால் அதை 1:500 நீர்க்க வேண்டும். 1:100-இல் போட்டால் ஐந்து மடங்கு அதிகம். அதில் வரும் பின்னணி எதையும் சொல்லாது.

கேள்வி: மிச்ச ஆன்டிபாடியை உறையவைக்கலாமா?
– டெக்னீஷியன்

பதில்: டேட்டா ஷீட் 2–8 டிகிரி என்றால் அங்கேயே வையுங்கள். உறையவைக்கச் சொல்லியிருந்தால் ஒரு நாள் வேலைக்கு ஆகும் அளவாகப் பிரித்து வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். பெராக்சிடேஸ் இணைத்த ஆன்டிபாடியில் மட்டும் சோடியம் அசைடு சேர்க்காதீர்கள். அது என்சைமை முடக்கிவிடும்; கழுவும் பஃபரிலும் அசைடு கூடாது.