அமெரிக்க ஆலைகள் காற்றில் விடும் நச்சு வேதிப்பொருட்கள் குறைகின்றனவா? எவை, எங்கிருந்து வருகின்றன?

எடைக்கணக்கில் பார்த்தால் நன்றாகவே குறைந்திருக்கின்றன. ஆனால் எடையை வைத்து ஆபத்தை மதிப்பிடக் கூடாது என்பதுதான் என் பதில்.

அமெரிக்க ஆலைகளின் நச்சு வெளியீட்டை ஆண்டுதோறும் பதிவுசெய்யும் கணக்கு பிறந்ததற்கே போபால்தான் காரணம். 1984 டிசம்பரில் அங்கே யூனியன் கார்பைடு ஆலையில் விஷவாயு கசிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையிலும் ஒரு கசிவு. பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை மக்களுக்குத் தரும் சட்டம் 1986-இல் வந்தது. அதன்படி, குறிப்பிட்ட தொழில்களில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், வரம்புக்கு மேல் வேதிப்பொருட்களைக் கையாளும் ஆலைகள் ஆண்டுதோறும் தங்கள் வெளியீட்டை அறிவிக்க வேண்டும். முதல் விவரங்கள் 1987-ஆம் ஆண்டுக்கானவை.

2007-க்குப் பிந்தைய பத்தாண்டில் காற்றில் விடப்பட்ட அளவு பாதிக்கு மேல் குறைந்தது. அதில் பெரும்பங்கு நிலக்கரி மின்நிலையங்களுடையது. புகைபோக்கியில் வாயுவைக் கழுவும் கருவிகளைப் பொருத்தினார்கள், பல நிலையங்கள் எரிவாயுவுக்கு மாறின, சில மூடப்பட்டன. அதனால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் சரிந்தன. நல்ல செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் மொத்தக் கோடு கீழே இறங்குவதை மட்டும் பார்த்தால், எல்லாத் தொழில்களும் திருந்திவிட்டதுபோல ஒரு தோற்றம் வரும்.

எடையில் இன்று முன்னால் நிற்பவை உரத் தொழிலில் வரும் அமோனியா, காகித ஆலைகளின் மெத்தனால் போன்றவை. சோயா எண்ணெய் பிழியும் ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ஹெக்சேனும் உண்டு. கண்ணாடியிழைப் படகு செய்யும் இடங்களில் ஸ்டைரீன். மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் எத்திலீன் ஆக்சைடு இந்தப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். ஆனால் அது முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு வலுவான புற்றுநோய்க் காரணி என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் மதிப்பிட்டது. அதைப் பயன்படுத்தும் ஆலைகளில் சில குடியிருப்புகளை ஒட்டியே இருக்கின்றன. அங்கே வசிப்பவருக்கு, எங்கோ தொலைவில் ஒரு மின்நிலையம் அமிலத்தைக் குறைத்ததால் என்ன ஆறுதல்?

இன்னொன்று, இந்த எண்களில் பெரும்பாலானவை ஆலைகளே மதிப்பிட்டுச் சொல்பவை. குழாய் இணைப்புகள், வால்வுகள், தொட்டி மூடிகள் வழியாக மெல்லக் கசிவதைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம். அதனால் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2015-இல் கொண்டுவந்த விதிமுறை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: ஆலையின் வேலியோரம் சுற்றிலும் பென்சீனை அளக்க வேண்டும், அளவுகள் பொதுவில் வெளியாகும். அந்த அளவில் ஆலையிலிருந்தே வரும் பங்கின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் கசிவைத் தேடிச் சரிசெய்தாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட சுத்திகரிப்பு ஆலையைப் பற்றி அறிய விரும்பினால், தேசிய மொத்தத்தை விட்டுவிட்டு முதலில் அந்த வேலியோர அளவுகளைப் பாருங்கள்.