தேர்வு சொன்னதா, சக ஊழியர்கள் சொன்னதா?

கேள்வி: இணையத்தில் ஒரு தன்மதிப்பீட்டுத் தேர்வு எழுதினேன். என் பலம் 'தலைமைப் பண்பு' என்று வந்தது. அலுவலகத்தில் கேட்டால், 'நீங்கள் ரொம்பப் பொறுமைசாலி' என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்பிவிடாதீர்கள். தேர்வில் விடை எழுதியவர் நீங்கள். உங்களைப் பற்றி ஏற்கெனவே நினைத்திருந்ததைத்தான் அது அடுக்கித் திருப்பித் தந்திருக்கிறது. அலுவலகத்தில் கிடைத்ததோ, நேருக்கு நேர் கேட்டால் யாரும் சொல்லக்கூடிய மரியாதைப் பதில்.

உளவியலாளர் சிமீன் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்கு உதவும். பதற்றம் போல மனதுக்குள் நடப்பவற்றில் அவரவர் கணிப்பே சரியாக இருந்தது. அறிவுக்கூர்மை, படைப்பாற்றல் போன்றவற்றில் நண்பர்களின் கணிப்பு முந்தியது. ஆகவே எந்த வேலை உங்களைச் சோர்வாக்குகிறது என்று பிறரைக் கேட்க வேண்டாம். எதில் கெட்டிக்காரர் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஆனால் 'என் பலம் என்ன?' என்று கேட்காதீர்கள். 'நான் செய்த எது உங்களுக்கு உதவியது? அன்று என்ன நடந்தது?' என்று கேளுங்கள். 'பொறுமைசாலி' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, அவருக்குப் பணம் திரும்ப வேண்டாம், வேலை முடியும் தேதி தெரிந்தால் போதும் என்று எங்களிடம் சொன்னீர்கள்' என்று ஒருவர் சொன்னால், அது தகவல். கோபப் பேச்சுக்கு அடியில் இருக்கும் தேவையைப் பிடிக்கிறீர்கள். பொறுமை அதில் ஒரு பகுதிதான். உங்களுக்கு அந்தச் சம்பவம் மறந்தே போயிருக்கும். சுலபமாக வருவதை, 'இதில் என்ன இருக்கிறது, யாரும் செய்வார்களே' என்று தள்ளிவிடுகிறோம். பலம் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

மேலதிகாரி, உங்களுக்குக் கீழே வேலை செய்பவர், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பர் என்று பிரித்துக் கேளுங்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே மாதிரி சம்பவத்தைச் சொன்னால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, தலைமைப் பண்பு? அதைச் சோதித்துப் பார்க்கலாம். அடுத்து ஒரு பொறுப்பை ஏற்கும்போது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பல ஆண்டுகள் தானே செய்து பார்த்துச் சொன்ன வழி இது. அதற்குள் அந்தத் தேர்வை மறுபடியும் எழுதாதீர்கள்.