மாடிவீட்டு அகதியைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்யலாம்?

கேள்வி: தெஹிவளையில் எங்கள் மேல்மாடியில் ஒரு பாகிஸ்தான் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. யூ.என். அகதிக் கடிதம் இருக்கிறது, விசா முடிந்துவிட்டது. போன கிழமை கணவரைக் குடிவரவு அதிகாரிகள் கொண்டுபோனார்கள். அகதிகளுக்குச் சட்டமே இல்லாத நாட்டில் நான் என்ன செய்யலாம்?

பதில்: சட்டம் இல்லை என்பது சரிதான். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்கு அவர் விசா முடிந்த வெளிநாட்டவர், அவ்வளவுதான். யூ.என். கடிதம் விசா ஆகாது.

ஆனால் அரசியலமைப்பு அவரைக் கைவிடவில்லை. பேச்சுச் சுதந்திரம் போன்ற 14ஆம் உறுப்புரை உரிமைகள்தான் பிரஜைகளுக்கு மட்டும். சித்திரவதையைத் தடுக்கும் 11, சமத்துவம் பற்றிய 12(1), காரணம் சொல்லாமல் கைதுசெய்யக்கூடாது என்னும் 13(1) மூன்றும் எல்லோருக்கும் பொருந்தும். சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஆளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் ஐ.நா. உடன்படிக்கையிலும் இலங்கை 1994இல் சேர்ந்திருக்கிறது.

இதில் நாள்தான் முக்கியம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) போடவேண்டும். அவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோதான் போடலாம், வீட்டுக்காரர் போட முடியாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுக்க உங்களால் முடியும். தொலைபேசி 1996. தடுப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்க்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு உண்டு. ஒரு மாதத்துக்குள் கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். விசாரணை நடக்கிறது என்பதை நீதிமன்றத்தில் காட்ட ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

நாடுகடத்தல் பேச்சு வந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம். 2014 ஓகஸ்டில் பாகிஸ்தானியப் புகலிடக் கோரிக்கையாளரை அனுப்புவதை அது இடைநிறுத்தியது, செப்டெம்பர் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆகவே இடைக்காலத் தடை கிடைத்தால் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே அவருடைய யூ.என். கோப்பு இலக்கத்தோடு, அகதிக் கடிதம் கொடுத்த ஐ.நா. அகதிகள் முகவரகத்துக்கு (UNHCR) அறிவியுங்கள். கொண்டுபோன திகதி, நேரம், வாகன இலக்கம், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை மனைவியிடம் கேட்டு எழுதிவையுங்கள். கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பிரதி எடுங்கள். வாசிக்கத் தெரியாத சிங்களக் காகிதம் எதிலும், முக்கியமாகத் தானே விரும்பித் திரும்பிப் போவதாக எழுதியதில், கையெழுத்து வைக்கவேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அப்புறம், கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டுபோய், விசா முடிந்தவருக்கு வீடு கொடுத்த உங்கள் நிலைமையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.