கடலோரப் பிள்ளைகளின் திறமையைக் கண்டுபிடிப்பது எப்படி? சிறப்பாசிரியர் பதில்கள்

பாம்பன் வாசகர்: சார், பையனுக்கு 9 வயசு, ஆட்டிசம். மீன் கூடையைக் கொட்டினா இனம் இனமாப் பிரிச்சு வரிசையா அடுக்குறான். இது திறமையா, வெறும் பழக்கமா?

ரெண்டும் இருக்கலாம் அண்ணே, சோதித்துப் பார்த்துவிடலாம். காரல், சூடை, நகரை மூன்றிலும் பத்துப் பத்து கலந்து கொடுங்கள். பிரித்து முடித்ததும் அவன் பார்த்திராத ஒரு மீனை நடுவில் வையுங்கள். புரட்டிப் பார்க்கிறானா? நகரையின் தாடைக்குக் கீழே இரண்டு மீசை இருக்குமே, அதுபோல ஏதாவது அடையாளம் தேடுகிறானா? தனிக் குவியல் போடுகிறானா? அப்படியென்றால் அவன் கண் வேலை செய்கிறது. மறுநாள் விதியை மாற்றுங்கள்: இனம் வேண்டாம், பெரிசு, சிறிசு. புது விதிக்கு மாறிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம்.

வரிசை கலைந்ததும் கதறினால், அடுக்குவது அவன் மனசை அமர்த்தும் வழி. அதைப் பிடுங்காதீர்கள், சோதனையை மட்டும் நிறுத்துங்கள்.

ஒரே நாளில் முடிவு கட்டக் கூடாது. தினம் 15 நிமிடம், இரண்டு வாரம் பார்த்து நோட்டில் எழுதுங்கள்: எதை எடுத்தான், எவ்வளவு நேரம் இருந்தான், யாரும் சொல்லாமல் எதைப் புதிதாகச் செய்தான். கடைசிக் கேள்விக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். பிறகு தராசு, மீன் படம் ஒட்டிய பெயர் அட்டை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் “செஞ்சு காட்டுடா” என்று நிறுத்தாதீர்கள். வித்தை காட்ட வைத்தால் பிள்ளை அந்த வேலையையே வெறுத்துவிடும்.

தங்கச்சிமடம் ஆசிரியை: எட்டாம் வகுப்பு மாணவன். படகு எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறான், நாலு வரி எழுத வராது. சோம்பேறி என்கிறார்கள்.

கழற்றி மாட்டும் வரிசையை வாயால் சொல்லச் சொல்லுங்கள் டீச்சர். சொல்லில் தெளிவும் தாளில் தடுமாற்றமும் இருந்தால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். கண், காது பரிசோதனை முடித்து, வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் அனுப்புங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. எழுத்துக்குத் தண்டனையாக எஞ்சின் வேலையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கீழக்கரை வாசகி: மகளுக்கு 12 வயசு, டவுன் சிண்ட்ரோம். ஓலைக் கொட்டான் (சின்னக் கூடை) முடைய ஆசைப்படுறா, பாதியிலேயே விட்டுடுறா. ஆட்டமும் பிடிக்கும்.

விரல் குட்டை, பிடி தளர்வு. அதனால்தான் பாதியில் கை ஓய்கிறது உம்மா. ஈர்க்கு நீக்கிய ஓலையை 2 செ.மீ. அகல வார்களாகக் கிழியுங்கள், மெல்லிய வார் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை ஒடியும், விரலையும் கிழிக்கும். நெடுக்கு ஒரு நிறம், குறுக்கு ஒரு நிறம் என்றால் மேலே, கீழே குழம்பாது.

கடைசியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் முடைந்து, கடைசி வாரை மட்டும் அவள் செருகட்டும். அது கை வந்ததும் கடைசி இரண்டு, பிறகு ஒரு வரிசை. ஒவ்வொரு தடவையும் முடித்த கொட்டான் அவள் கையில் இருக்கும். விட்டுவிட்டு எழும் பழக்கம் குறையும். 10 நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

ஆட்டம் தாராளமாக. குட்டிக்கரணம், தலைகீழ்ப் பாய்ச்சல் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். நடை மாறினாலோ, கழுத்து சாய்ந்தாலோ, கை வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனை.

மண்டபம் வாசகர்: எப்போதாவது வலிப்பு வரும் பையன். நீச்சலில் கெட்டிக்காரன். விடலாமா?

மருத்துவர் சம்மதித்தால் விடலாம். கடலில் வேண்டாம், நெஞ்சளவுத் தண்ணீரே போதும். கைக்கெட்டும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், அவனை மட்டுமே பார்க்க வேண்டும். மாத்திரை தவறிய நாளும், இரவு தூங்காத நாளும் நீச்சல் கிடையாது.