இருநூறு விண்ணப்பம், ஒரு அழைப்பும் இல்லை: மனசை மாற்றினால் வேலை கிடைக்குமா?

கேள்வி: கருங்கல் பக்கம் என் ஊர். பி.இ. சிவில் முடித்து ஆறு வருடம் சைட்டில் இருந்தேன். கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (பி.ஆர்.) கிடைத்து டொராண்டோ வந்து நாலு மாதம் ஆகிறது. இருநூறு இடத்துக்கு விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல்கூட வரவில்லை. எல்லாரும் "பாசிட்டிவா இரு" என்கிறார்கள். அதனால் ஏதாவது ஆகுமா?

பதில்: அது மட்டும் போதாது. வேலை தேடுவோருக்கான பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து சோங்சி லியு குழுவினர் 2014-ல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஊக்கம் தருவதோடு தேடும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த பயிற்சிகளே பலன் தந்தன. ஊக்கப் பேச்சு மட்டும் கேட்டவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

மனநிலை வேலை செய்யும் இடம் வேறு. பதில் வராதபோது காரணத்தை எங்கே தேடுகிறீர்கள் என்பதுதான் அது. "எனக்குத் தகுதியில்லை" என்று முடிவுகட்டினால் கை ஓய்ந்துவிடும். "இங்கே எல்லாம் பாரபட்சம்" என்று விட்டாலும் அதே கதிதான். பாரபட்சம் இருப்பது உண்மை. டொராண்டோ நிறுவனங்களுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த பொருளாதார ஆய்வாளர் பிலிப் ஓரியோபுலோஸ் 2009-ல் அதைக் காட்டினார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றதாக இருந்தும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயருக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு அதிக அழைப்பு வந்தது. ஆகவே வராத அழைப்புகளில் ஒரு பங்கு உங்கள் குறையே அல்ல. மீதிப் பங்கு உங்கள் கையில் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, நிறுவனம், பதவி, யார் மூலம், என்ன பதில். ஐம்பது அனுப்பியும் அழைப்பே இல்லையென்றால் கோளாறு ரெஸ்யூமிலோ, தேர்ந்தெடுக்கும் பதவியிலோ இருக்கிறது. போனில் பேசிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கூப்பிடவில்லையென்றால் பேச்சைப் பழக வேண்டும். கடைசிச் சுற்று வரை போய் நழுவினால் எதையும் மாற்றாமல் தொடருங்கள்.

உங்கள் நிலை முதல் வகை. நம்மூர் பயோடேட்டாவில் அப்பா பெயர், பிறந்த தேதி, போட்டோ, கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை", இடம் நாகர்கோவில், கையொப்பம் எல்லாம் இருக்கும். கனடாவில் அத்தனையும் நீக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். "சைட் மேற்பார்வை" என்று எழுதாமல், எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை பேர், எத்தனை மாதம் என்று எழுதுங்கள். நம்மூர் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 தெரிந்த உங்களுக்கு அங்குள்ள விதிநூலான சி.எஸ்.ஏ. ஏ23.3 படிப்பது பெரிய பாடில்லை; படித்துவிட்டு அதையும் சேருங்கள்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் இல்லாமல் 'ப்ரொஃபஷனல் இன்ஜினியர்' என்று போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே இப்போதைக்கு எஸ்டிமேட்டர், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர், இன்ஸ்பெக்டர் வேலைகளைக் குறிவையுங்கள். உரிமம் தரும் பி.இ.ஓ., கனடா அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதமே எடுத்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்டாரியோ நிறுவனங்கள் விளம்பரத்திலும் அதைக் கேட்கக் கூடாது. பழைய ஆட்கள் "கனடா எக்ஸ்பீரியன்ஸ் இல்லாம நடக்காது" என்று பயமுறுத்துவதை அப்படியே நம்பி உட்கார வேண்டாம்.

நம்மவர்களை அதிகம் கெடுப்பது வெட்கம். ஊரில் இன்ஜினியர் என்று தெரிந்தவன் வேர்ஹவுஸில் பெட்டி தூக்குவது வெளியே தெரியக்கூடாது என்று ஞாயிறு கோயிலுக்கும் போகாமல் ஒதுங்குகிறார்கள். வேலைச் செய்தி உலவும் இடமே அதுதான். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் எப்போதாவது பார்க்கும் ஆளிடமிருந்தே வந்தது என்று சமூகவியல் ஆய்வாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-லேயே காட்டினார். "வேலை வாங்கித் தாங்க" என்றால் எதிராளி சங்கடப்படுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணா, நானும் கருங்கல்தான். எஸ்டிமேட்டர் வேலைக்கு முயல்கிறேன். உங்க கம்பெனியில் அளவெடுக்க ப்ளூபீம் சாஃப்ட்வேர் தானா? பதினைந்து நிமிஷம் பேச முடியுமா?" வாரம் ஐந்து பேருக்கு. பேசி முடிக்கும்போது இன்னொருவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

கைச்செலவுக்கு வேர்ஹவுஸ் வேலை தாராளமாகப் பார்க்கலாம். நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம். பகல் முழுக்கத் தூங்கினால் தேடல் அத்தோடு நின்றுவிடும்.

வீட்டாருக்கும் ஒன்று. "வேலை ஏதும் ஆச்சா மக்களே?" என்று தினமும் கேட்பது அக்கறைதான், ஆனால் அங்கிருப்பவருக்கு அது தினசரிப் பரீட்சை. ஞாயிறு ஒரு நாள் மட்டும் வேலைப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு ஒன்பது மணி, குளிர்காலத்தில் இங்கே மறுநாள் காலை ஏழரை. நகைக்கடன் வட்டிக்கெடு இருந்தால் அதை மறைக்காமல் தேதியோடு சொல்லிவிடுங்கள். தெரியாத கடன்தான் அதிகம் பயமுறுத்தும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஓஹிப் அட்டையோடு (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) குடும்ப மருத்துவரையோ வாக்-இன் கிளினிக்கையோ பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.