அண்ணாச்சி பதில்கள்: ஆப்புக்கு பூட்டு போடுதாங்களே!

கேள்வி: அண்ணாச்சி, வாழைத்தார் விலைய அன்னன்னைக்கு பாக்குத மாதிரி ஒரு சின்ன ஆப் செஞ்சு எங்க ஊர்க்காரங்களுக்கு வாட்ஸப்ல அனுப்பி வச்சிருக்கேன். இனிமே கூகுள்ல பேர் பதியாதவன் செஞ்ச ஆப் ஆண்ட்ராய்டு போன்ல ஏறாதுங்காவ. அரசாங்கத்துக்கு எழுதுனா படிப்பாங்களா?
- வாசகர், களக்காடு

பதில்: தாராளமா எழுதுங்க தம்பி, ஆனா ஏசி எழுதாதீங்க. மொதல்ல விஷயத்த சரியா போடணும். 2025 ஆகஸ்ட்ல கூகுள் சொன்னது, ஆப் செய்யுதவன் யாருன்னு அடையாளம் காட்டி பதியணும், 2026 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்துல ஆரம்பிச்சு 2027ல இருந்து மத்த நாடுகளுக்கும் வரும்னு. படிக்க பிள்ளைகளுக்கும் சும்மா ஆசைக்கு செய்யுதவங்களுக்கும் காசில்லாத சின்ன கணக்கு உண்டுன்னாங்க, வெவரம் தெரிஞ்சவங்க பதியாத ஆப்பையும் ஏத்திக்க தனி வழி வைக்கோம்னும் பெறகு சொன்னாங்க. இதெல்லாம் விட்டுட்டு 'அடியோட தடை'ன்னு ஆரம்பிச்சா படிக்குத ஆபீசர் மொத பாராவுலயே மூடி வச்சிருவாரு.

அனுப்ப வேண்டியது டெல்லியில இருக்க இந்தியப் போட்டி ஆணையத்துக்கு, பெரிய கம்பெனி சந்தைய வளைச்சு போடாம பாத்துக்கிடுத அமைப்பு அது. அவங்களுக்கு இது பழகுன ஃபைல்தான். 2022 அக்டோபர்ல கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்டப்பவே, கூகுள் ப்ளே ஸ்டோருக்கு வெளிய இருந்து ஆப் ஏத்துதத தடுக்கக்கூடாதுன்னும் உத்தரவு போட்டாங்க, 2023 மார்ச்சுல மேல்முறையீட்டு தீர்ப்பாயம் அபராதத்த அப்படியே வச்சுக்கிட்டு அந்த உத்தரவையும் வேற சில உத்தரவையும் எடுத்துட்டாங்க, எனக்கு இன்னும் அது ஜீரணமாகல. முறையான புகார்னா ஃபீஸ் கட்டணும், கருத்து சொல்லுததுக்கு கடுதாசி போதும்.

அதுல, உங்க ஆப்ப யாரெல்லாம் பாக்காங்க, நின்னு போனா கமிஷன் கடைக்காரன் சொன்ன விலைதான் விலைன்னு ஆயிரும்ங்கத எழுதுங்க. கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே, அதாவது ஆப்ப நேரா போன்ல ஏத்துத ஃபைல, அனுப்பி பேங்க் பணத்த வழிச்சுட்டு போறவன் இருக்கான்ங்கதயும் நீங்களே ஒத்துக்கிடுங்க, அத மறைச்சா உங்க பேச்சு எடுபடாது. பெறகு மாத்து வழி சொல்லுங்க: எச்சரிக்கை பெருசா காட்டட்டும், கொஞ்ச நேரம் காக்க வைக்கட்டும், கடைசி முடிவு போன் வச்சிருக்கவன் கையில இருக்கட்டும், பதிவ மறுத்தா காரணத்த எழுத்துல குடுக்கட்டும், அத எதுத்து கேக்க கூகுள சேராத ஒரு ஆள் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல போவாதீங்க.

கேள்வி: அப்ப வாட்ஸப்ல வார ஏபிகே எல்லாத்தையும் ஏத்தலாமா அண்ணாச்சி?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம்மா! ஆள் தெரிஞ்சாலும் ஒரு போன் போட்டு 'நீதான் அனுப்புனியா'ன்னு கேட்டுட்டு ஏத்துங்க, தெரிஞ்சவன் நம்பர்ல இருந்துதான் பாதி வருது. பணம் போயிட்டுன்னா அழுதுக்கிட்டு நிக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிங்க.